நடுங்கும் கையும் மூளையின் வலைப்பின்னலும்

எழுதுகோலைப் பற்றிய விரல்கள் தாளின்மீது நில்லாது நடுங்குகின்றன; வாயருகே கொண்டுசென்ற தேநீர் மேலாடையில் சிந்துகிறது; வங்கியில் இட்ட கையொப்பம் ஒவ்வாது திரும்புகிறது. முதியோர் சிலரிடம் இந்நிலையைக் கண்டு, 'மூப்பின் தளர்ச்சி' என்று நாம் கடந்துவிடுகிறோம். எனினும், ஓய்வில் பெரிதும் அடங்கியிருந்து, கை ஒரு செயலில் ஈடுபடுங்கால் எழும் நடுக்கம் தனியொரு நோயாக இருத்தல் கூடும். மருத்துவர் இதனை 'எசென்ஷியல் ட்ரெமர்' என்பர். இளைஞரையும் இது பற்றுவதுண்டு; சில குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வதும் உண்டு.

நடுங்குவது கை, கோளாறு இருப்பதோ மூளையில். சிறுமூளையிலிருந்து புறப்படும் செய்தி, மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ் வழியாக, அசைவுகளை ஆளும் பெருமூளைப் புறணியை அடைகின்றது. இவ்வழியிலுள்ள நரம்பணுக்கள் அளவுமீறி ஒரே தாளத்தில் இயங்கும்போது, அத்தாளமே கையில் நடுக்கமாக வெளிப்படுகின்றது.

மருந்தால் அடங்காத நடுக்கத்திற்கு இன்று மீயொலிச் சிகிச்சை உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி கதிரொளியை ஒரு புள்ளியில் குவிப்பதுபோல, தலையைச் சூழ்ந்த கருவியிலிருந்து வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீயொலிக் கற்றைகள் தாலமஸின் சிறியதோர் இடத்தில் குவிகின்றன. மண்டையோட்டைத் துளைக்க வேண்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. கருவியின் துணையால் இடத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கின்றனர். வெப்பம் ஏறத்தாழ 55 முதல் 60 செல்சியஸ் பாகையை எட்டியதும் அவ்விடத்துத் திசு செயலிழக்கின்றது. நோயாளியோ விழித்தே இருப்பார். இடையிடையே சுருள்கோடு வரைந்து காட்டுவார். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 15 நோயாளிகளிடம் நிகழ்த்திய தொடக்க ஆய்வு 2013இல் வெளிவந்தது. 76 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு வெளிவந்த 2016ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது.

நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது இனித்தான் உள்ளது. ஒரு மடையை அடைத்தால் அவ்வாய்க்கால் மட்டுமன்றி, அதனோடு இணைந்த வாய்க்கால்களின் நீரோட்டமும் மாறுகின்றதன்றோ? மூளையிலும் அவ்வாறே. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சுடப்பட்ட இடத்தில் மட்டுமன்றி, தொலைவிலுள்ள சிறுமூளையிலும் புறணியிலும், அவற்றிடையேயான இணைப்பிலும் மாற்றங்களைக் கண்டுள்ளனர். ஆகவே நடுக்கம் ஓர் உறுப்பின் பிழையன்று. ஒரு வலைப்பின்னலின் பிழை என்பது தெளிவாகின்றது.

இவ்வுண்மை நம்பிக்கையோடு எச்சரிக்கையையும் தருகின்றது. சிலர்க்கு உடலின் ஒரு பகுதி மரத்துப்போதலும் நடையில் தடுமாற்றமும் நேர்கின்றன. இவை பெரும்பாலும் குறையினும், சிலரிடம் நிலைத்துவிடுகின்றன. நடுக்கம் ஓரளவு மீள்வதும் உண்டு. மின்முனை பொருத்தும் சிகிச்சையில் மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம். சுட்ட திசுவையோ மீட்டல் இயலாது. எனவே பயனையும் இழப்பையும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

நடுங்கும் கையைக் கண்டு நகைப்பதும், 'வயதாகிவிட்டது' என்று வாளாவிருப்பதும் நமக்குத் தகா. அக்கையினரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நாம் செய்யத்தக்க முதல் உதவியாகும்.