அமைதியா இருக்கிற பட்டனுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? அப்லிங்க் லேட்டன்சியைக் குறைப்பது எப்படி

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சிவப்பு பட்டனில் இருந்து ஆரம்பிக்கலாம்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கிடங்கு புராஜெக்ட்டில் வேலை பார்த்தேன். சரக்கை ஏத்திக்கிட்டுத் தானா ஓடுற டிராலிகள், அந்த வளாகத்துக்குன்னே தனியா ஒரு எல்டிஇ நெட்வொர்க். தரையில் வேலை பார்க்கிறவங்க இடுப்பில் ஒரு சின்ன ரிமோட் மாட்டியிருப்பாங்க. அதில் இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்தினா பக்கத்தில் ஓடுற டிராலி நிக்கணும். டிராலியிலேயே ஆள் குறுக்கே வந்தா உணர்கிற சென்சார் உண்டு. இந்தப் பட்டன் அதுக்கு மேல ஒரு பாதுகாப்பு.

நெட்வொர்க்கைச் சோதிக்க ரிமோட்டில் இருந்து ஒரு மணி நேரம் தொடர்ந்து பிங் அனுப்பிப் பார்த்தோம். சராசரி சுமார் 30 மில்லிசெகண்ட். எல்லாருக்கும் திருப்தி. அப்புறம் ஒருத்தர் டீ குடிச்சிட்டு வந்து, பத்து நிமிஷம் சும்மா கிடந்த ரிமோட்டை எடுத்து பட்டனை அழுத்தினார். டிராலி கொஞ்சம் தள்ளிப் போய் நின்ன மாதிரி இருந்தது. லாக் எடுத்துப் பார்த்தா 180 மில்லிசெகண்ட்.

டிராலியோட வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். 30 மில்லிசெகண்டில் அது நாலரை சென்டிமீட்டர் போகும். 180 மில்லிசெகண்டில் 27 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்னாடி ஒருத்தரோட கால் இருந்தா இந்த ரெண்டு எண்ணும் ஒண்ணு இல்லை.

இத்தனைக்கும் சிக்னல் நல்லாத்தான் இருந்தது, நெட்வொர்க்கில் கூட்டமும் இல்லை. பின்ன ஏன்? அதுக்கு ஒரு சாதனம் மேலே டேட்டா அனுப்பும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

நடுவர் அனுமதி இல்லாம மைக் கிடையாது

செல்லுலார் நெட்வொர்க்கில் எந்தச் சாதனமும் நினைச்ச நேரத்தில் பேச முடியாது. எந்த நொடியில், எந்த அலைவரிசைத் துண்டில் யார் பேசணும்னு பேஸ் ஸ்டேஷனில் இருக்கிற ஷெட்யூலர்தான் முடிவு பண்ணும். பட்டிமன்ற நடுவர் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

டவுன்லிங்க்கில் இது பெரிய பிரச்சினை இல்லை. அனுப்ப வேண்டிய டேட்டா ஏற்கனவே நடுவர் கையிலேயே இருக்கு, அவர் உடனே அனுப்பிடலாம். அப்லிங்க்கில் டேட்டா உங்க சாதனத்துக்குள்ள இருக்கு. அது இருக்குன்னே நடுவருக்குத் தெரியாது. அதனால் முதல்ல கை தூக்கணும்.

அந்தக் கை தூக்கலுக்குப் பேர் ஷெட்யூலிங் ரெக்வெஸ்ட். அது சொல்றது ஒரே ஒரு சேதிதான்: "எனக்குப் பேசணும்." எவ்வளவு பேசணும், என்ன அவசரம், எதுவும் அதில் கிடையாது. அந்தக் கையையும் எப்ப வேணாலும் தூக்க முடியாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் குறிப்பிட்ட இடைவெளியில்தான் அதுக்கு முறை வரும். எல்டிஇ முதலில் வந்த ரிலீஸ் 8இல் இந்த இடைவெளி 5, 10, 20, 40 அல்லது 80 மில்லிசெகண்ட். அடுத்த ரிலீஸில்தான் 1, 2 மில்லிசெகண்டுகளையும் சேர்த்தாங்க.

இடைவெளி 20 மில்லிசெகண்ட்னு வெச்சு ஒரு கணக்கு போடுவோம். கை தூக்கும் முறை வர சராசரி 10 மில்லிசெகண்ட் காத்திருப்பு. ரெக்வெஸ்ட் போக 1. அதைப் பிரிச்சுப் படிச்சு முடிவெடுக்க பேஸ் ஸ்டேஷனுக்கு 3. கிராண்ட், அதாவது அனுமதிச் சீட்டு, கீழே வர 1. சாதனம் தயாராக 3. அனுப்ப 1. மொத்தம் 19.

இன்னும் முடியலை. உங்ககிட்ட எவ்வளவு டேட்டா இருக்குன்னு தெரியாததால், முதல் கிராண்ட் பெரும்பாலும் சின்னதாத்தான் வரும். அதில் "என்கிட்ட இத்தனை பைட் இருக்கு" என்று பஃபர் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை அனுப்பணும். அதைப் பார்த்து பெரிய கிராண்ட் வந்து, உண்மையான டேட்டா போறதுக்கு இன்னொரு 8 மில்லிசெகண்ட். ஆக 27.

இந்த 27இல் நம்ம டேட்டா உண்மையில் காற்றில் பயணம் பண்ணினது 1 மில்லிசெகண்ட்தான். மீதி 26ம் அனுமதி கேட்டு நின்ன நேரம். இன்னைக்கு எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: அப்லிங்க் தாமதத்தைக் குறைக்கிறதுன்னா பெரும்பாலும் அனுமதி கேட்கிற வேலையைக் குறைக்கிறதுதான்.

ரொம்ப நேரம் பேசாம இருந்தா

சரி, 27 புரியுது. 180 எங்கே இருந்து வந்தது?

சாதனம் கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பலைன்னா, நெட்வொர்க் அதோட ரேடியோ இணைப்பைக் கழட்டி விட்டுடும். பல நெட்வொர்க்குகளில் இது பத்து நொடி அளவில் இருக்கும். பேட்டரியும் மிச்சம், பேஸ் ஸ்டேஷனுக்கும் சுமை குறையும். ஆனா அதுக்கப்புறம் பேசணும்னா கை தூக்கக்கூட இடம் இருக்காது. மண்டபத்துக்கு வெளியே இருந்து கதவைத் தட்டி, உள்ளே வந்து, பேர் கொடுத்து, அப்புறம்தான் பேச முடியும். ரேண்டம் ஆக்சஸ், இணைப்பு அமைப்பு, பாதுகாப்புச் சரிபார்ப்பு எல்லாம் மறுபடி நடக்கணும். எல்டிஇயை வடிவமைச்சப்போ இந்த மாற்றத்துக்கு வெச்ச இலக்கே 100 மில்லிசெகண்டுக்குள்ள என்பதுதான்.

இதை உங்க போனிலேயே பார்க்கலாம். வைஃபையை அணைச்சிட்டு, மத்த ஆப்களையும் மூடிட்டு, ஒரு டெர்மினல் ஆப்பில் நொடிக்கு ஒரு பிங் அனுப்புங்க. அப்புறம் 30 நொடிக்கு ஒண்ணா மாத்துங்க. ரெண்டாவது தடவை எண்கள் பெரும்பாலும் கூடியிருக்கும்.

எங்க சோதனை ஏமாத்தினது இங்கேதான். விடாம பிங் அனுப்பினதால் ரிமோட் எப்பவும் மண்டபத்துக்கு உள்ளேயே இருந்தது. நிஜத்தில் ஸ்டாப் பட்டன் நாள் முழுக்க வாயைத் திறக்காது. எது ரொம்ப அமைதியா இருக்கோ அதுதான் ரொம்பக் காத்திருக்கணும்னு நெட்வொர்க்கோட விதி இருக்கு. எங்களுக்கோ அந்த அமைதியான சாதனம்தான் காத்திருக்கவே கூடாது.

என்னென்ன பண்ணலாம்

முதல் வழி, கை தூக்குற இடைவெளியைச் சுருக்குறது. 40இல் இருந்து 5க்குக் கொண்டு வந்தா சராசரிக் காத்திருப்பு 20இல் இருந்து இரண்டரைக்கு இறங்கும். பதிலுக்கு, ஒவ்வொரு சாதனத்துக்கும் கன்ட்ரோல் சேனலில் எட்டு மடங்கு இடம் ஒதுக்கணும். இருபது ரிமோட்டுக்குச் சரி. ரெண்டாயிரம் சென்சாருக்குக் கட்டுப்படியாகாது.

ரெண்டாவது, கேட்காமலே கிராண்ட் கொடுக்கிறது. "இவன் பேசுவான்னு தோணுது" என்று பேஸ் ஸ்டேஷனே முன்கூட்டி அனுமதி அனுப்பும். தாமதம் நல்லாக் குறையும். ஆனா பழைய எல்டிஇ விதிப்படி, கிராண்ட் வந்தா அனுப்ப டேட்டா இல்லைன்னாலும் வெறும் நிரப்பு பிட்களையாவது அனுப்பியே ஆகணும். பேட்டரியும் வீண், பக்கத்து செல்லுக்கு இடைஞ்சலும் கூட. ரிலீஸ் 14இல்தான் "ஒண்ணும் இல்லைன்னா சும்மா இரு" என்று வசதி கொடுத்தாங்க.

மூணாவது, நிரந்தர முறை. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தடவை இந்தத் துண்டு உன்னோடதுன்னு முதல்லயே எழுதிக் கொடுத்துடுறது. எல்டிஇயில் இதுக்கு செமி பெர்சிஸ்டன்ட் ஷெட்யூலிங்னு பேர். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டா வர்ற குரல் அழைப்புக்கு இது கச்சிதமாப் பொருந்தும். 5ஜியில் இதையே கான்ஃபிகர்டு கிராண்ட்னு சொல்றாங்க.

நிரந்தர முறையை எல்லாருக்கும் தனித்தனியாக் கொடுக்க இடம் பத்தாது. ஒரே துண்டைப் பத்துப் பேருக்குப் பொதுவாக் கொடுக்கலாம், ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினா மோதல். இந்தச் சிக்கல் ரேடியோ நெட்வொர்க்குகளுக்குப் புதுசு இல்லை. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கிய அலோஹா நெட்வொர்க்கில் அனுமதியே கிடையாது, தோணினா அனுப்பலாம். கொஞ்சம் பேர் இருக்கும்வரை அருமை. ஆனா கூட்டம் கூடினா மோதல்கள் போக, அதிகபட்சம் சேனலோட 18 சதவீதம்தான் உருப்படியாப் பயன்படும்னு கணக்கு சொல்லுது. அனுமதி முறை வந்ததுக்கான காரணம் இதிலேயே இருக்கு. இன்னைக்கு வைஃபை 6இல்கூட, ஆக்சஸ் பாயிண்ட் முறை கொடுத்துச் சாதனங்கள் அனுப்புற வசதி சேர்ந்திருக்கு.

5ஜி வந்தா சரியாகிடுமா?

பாதி சரியாகும். எல்டிஇயில் ஷெட்யூலிங்கோட அடிப்படை அளவு 1 மில்லிசெகண்ட். 5ஜியில் அது அரை, கால், அரைக்கால் மில்லிசெகண்ட் வரைக்கும் சுருங்கலாம். பேஸ் ஸ்டேஷனும் சாதனமும் யோசிக்க எடுக்கிற நேரமும் குறைஞ்சிருக்கு. இணைப்பை முழுசாக் கழட்டாம, பேர் கொடுத்ததை ஞாபகம் வெச்சுக்கிற இன்ஆக்டிவ் நிலையும் இருக்கு. ரிலீஸ் 17இல், அந்த நிலையிலிருந்தே சின்ன டேட்டாவை அனுப்புற வசதியும் வந்தது.

ஆனா 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுற 5ஜி பெரும்பாலும் டிடிடி, அதாவது மேலே போறதும் கீழே வர்றதும் ஒரே அலைவரிசையில் மாத்தி மாத்தி. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜியில் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் இப்படித்தான். டிடிடியில் பரவலா இருக்கிற ஓர் அமைப்பில், ஐந்து ஸ்லாட்டில் கடைசி ஒண்ணுதான் முழுசா அப்லிங்க்குக்கு. ஒவ்வொண்ணும் அரை மில்லிசெகண்ட்னா, மேலே போற கதவு இரண்டரை மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் திறக்கும். கை தூக்கவும் அந்தக் கதவு வேணும், டேட்டா அனுப்பவும் அதே கதவு வேணும். விளம்பரத்தில் வர்ற 1 மில்லிசெகண்ட், அதுக்குன்னே வடிவமைச்ச நெட்வொர்க்குக்கான இலக்கு. உங்க போனுக்குக் கொடுத்த வாக்குறுதி இல்லை.

பட்டனை என்ன பண்ணினோம்

நாங்க கேள்வியையே மாத்தினோம். பட்டனை அழுத்தும்போது "நில்லு" என்று ஒரு சேதி போகணும் என்பதுதான் பழைய வடிவம். புது வடிவத்தில் ரிமோட் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "நான் இருக்கேன், ஓடலாம்" என்று சொல்லிக்கிட்டே இருக்கும். அழுத்தினா அடுத்த முறையிலேயே "நில்லு" என்று போகும். குறிப்பிட்ட நேரத்துக்கு எந்தச் சேதியும் வரலைன்னாலும் டிராலி நின்னுடும்.

இதில் ரெண்டு லாபம். ஒண்ணு, எப்ப வரும்னு தெரியாத டேட்டா இப்ப தாளம் தப்பாம வர்ற டேட்டா ஆயிடுச்சு. அதனால் நிரந்தர முறை கொடுக்க முடிஞ்சது. கை தூக்கவும் வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். ரெண்டு, ரிமோட்டோட பேட்டரி செத்தாலும் சிக்னல் போனாலும் டிராலி நிக்கும். பழைய முறையில் ரிமோட் செத்துக் கிடக்கிறது அழுத்திப் பார்த்தாத்தான் தெரியும்.

சிரமமும் இருந்தது. முதல்ல மூணு சேதி தொடர்ந்து தவறினா, அதாவது 60 மில்லிசெகண்டில், நிக்கிற மாதிரி வெச்சோம். முதல் வாரம் டிராலிகள் காரணமே இல்லாம அங்கங்கே நின்னு, சூப்பர்வைசர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். அஞ்சா மாத்தினோம். அது 100 மில்லிசெகண்ட், 15 சென்டிமீட்டர். அந்த 15க்குத் தகுந்த மாதிரி நடைபாதைக்கும் டிராலிப் பாதைக்கும் நடுவில் இடம் விட்டோம். ரிமோட்டை ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் சார்ஜ் பண்ண வேண்டியதாவும் ஆச்சு.

இன்னொரு சின்னப் பாடம். ரிமோட்டோட டைமரும் நெட்வொர்க் கொடுத்த முறையும் ரெண்டுமே 20 மில்லிசெகண்ட். ஆனா ரெண்டு கடிகாரமும் துல்லியமா ஒண்ணா ஓடாது. சேதி தயாராகிறதுக்குச் சற்று முன்னாடி முறை கடந்து போயிட்டா, அடுத்ததுக்கு ஏறக்குறைய முழு 20ம் காத்திருக்கணும். கிராஃபில் தாமதம் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழுந்தது. முறை வர்ற நேரத்தைப் பார்த்து அதுக்குச் சற்று முன்னாடி சேதியைத் தயார் பண்ற மாதிரி மாத்தினதும் கோடு நேராச்சு.

நீங்க ஆப் எழுதுறவங்களா இருந்தா பேஸ் ஸ்டேஷன் உங்க கையில் இருக்காது. அப்பவும் சில விஷயம் பண்ணலாம். பத்துச் சின்னச் சேதியை விட்டு விட்டு அனுப்பாம ஒண்ணாக் கட்டி அனுப்புங்க, அனுமதி ஒரு தடவை கேட்டாப் போதும். அவசரச் சேதிக்கு முன்னாடி ஃபோட்டோ பேக்கப் மாதிரி பெரிய வரிசை நிக்காம பார்த்துக்கோங்க, நெட்வொர்க் எவ்வளவு வேகமா இருந்தாலும் உங்க சொந்த பஃபரில் நிக்கிற நேரம் குறையாது. அப்புறம், சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி ஆகாதீங்க. உங்க சாதனம் நிஜத்தில் எவ்வளவு நேரம் அமைதியா இருக்குமோ, அவ்வளவு நேரம் அமைதியா இருக்க விட்டுட்டு அப்புறம் அளந்து பாருங்க. எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு டீ இடைவேளை.

கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் எடுத்துக்கலாம்.