தன்னந்தனியே தேசத்தைக் கடப்பவர்கள்

தேசப்படத்திலே காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் ஒரு சாண் தூரந்தான் இருக்கிறது. அந்த ஒரு சாணை மோட்டார் சைக்கிளில் கடந்து வந்தவர்களைக் கேட்டால், பாரத தேசத்தின் விஸ்தீரணம் தங்கள் முதுகெலும்புக்குத் தெரியும் என்பார்கள். கோடை பிறந்ததும் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரும் இல்லாமல், வடக்கே லடாக் மலைகளை நோக்கிப் புறப்படும் இளைஞர்களும் யுவதிகளும் இக்காலத்தில் பெருகி வருகிறார்கள். அவர்கள் திரும்பி வரும் வரையில் வீட்டிலுள்ள தாயார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "ரயில் இருக்கிறது, ஆகாய விமானம் இருக்கிறது, இந்தக் கஷ்டம் எதற்கு?" என்று தகப்பனார் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதை ஆராய்வதற்கு நாம் செஞ்சிக் கோட்டையைத் தேர்ந்துகொண்டிருக்கிறோம். காரணம் உண்டு. முந்நூறு வருஷங்களுக்கு முன், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தேசத்தின் பெரும் பகுதியைக் கடந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம் அது.

செஞ்சிக்கு வரும் சாலை

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ம் எண் தேசீய நெடுஞ்சாலையின் நீளம் 3,745 கிலோமீட்டர். நம் நாட்டுச் சாலைகளில் இதுவே மிக நீளமானது. முன்பு தனித்தனி எண்களுடன் இருந்த ஏழு சாலைகளை ஒன்றாகக் கோத்து இதற்கு ஒரே எண் கொடுத்தார்கள். டில்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் என்று இறங்கி வரும் இந்தச் சாலை, நாகபுரிக்கு வடக்கே பெஞ்சு வனத்தின் ஊடே செல்கிறது. அங்கே வாகனங்கள் பாலத்தின் மேல் ஓட, புலியும் மானும் பாலத்தின் கீழே நடந்துபோக வசதி செய்திருக்கிறார்கள். இந்த ஒரே சாலையில் வரும் பிரயாணிக்குக் காலையில் கிடைத்த ரொட்டி சில நாட்களில் சோறாகிவிடுகிறது; பலகையில் உள்ள எழுத்து ஐந்தாறு முறை மாறிவிடுகிறது; தேநீர்க் குவளை மறைந்து டபரா தம்ளர் வருகிறது.

கிருஷ்ணகிரியில் அந்தப் பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் செல்லும் 77-ம் எண் சாலை கிடைக்கும். திருவண்ணாமலையைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள், யாரோ ராட்சதர்கள் பாறைகளை வாரி அடுக்கியதுபோல் குன்றுகள் எழும்புகின்றன. அவையே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இம்மூன்றையும் சுற்றி வளைத்த மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளமுடையது. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சியை அடைவதற்கு முன் ஒரு ஆழ்ந்த பிளவைப் பாலத்தின் மூலம் கடக்கவேண்டும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை பெரிய சைனியம் நின்றாலும் பயனில்லை.

செஞ்சி என்றதும் தமிழர் நினைவுக்கு வருகிறவன் தேசிங்கு ராஜன். 1714-ம் வருஷம், ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் மாண்ட அந்த வாலிபனையும் அவன் குதிரையையும் நம் கிராமத்துப் பாடகர்கள் மறக்கவில்லை. ஆனால் நாம் இங்கே சொல்லப்போவது, அதற்கு இருபத்தைந்து வருஷம் முந்திய மற்றொரு குதிரைப் பிரயாணத்தைப் பற்றி.

பத்தொன்பது வயதுப் பிரயாணி

1689-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சத்ரபதி சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தான். மராட்டிய ராஜ்யம் தலையற்று நின்றது. சிவாஜியின் இளைய குமாரன் ராஜாராமுக்கு அப்போது வயது 19. ராயகடத்தை மொகலாயப் படை சூழ்ந்துகொள்ள, அவன் தப்பிப் பிரதாபகடத்துக்கும், பிறகு பன்ஹாளாக் கோட்டைக்கும் சென்றான். அங்கும் சத்துரு நெருங்கவே, செப்டம்பர் மாதக் கடைசியில், தன் தகப்பனார் 1677-ல் கைப்பற்றியிருந்த செஞ்சியை நோக்கி மாறுவேடத்தில் புறப்பட்டான்.

கூட வந்தவர்கள் சிலரே. அவர்களும் யாத்திரிகர்களாக வேஷமிட்டு, சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து வந்தார்கள். பேதனூரில், அதாவது இன்று கர்நாடகத்தில் சிவமொக்கா ஜில்லாவைச் சேர்ந்த நகரா என்ற ஊரில், அக்காலத்தில் ஆண்டவள் கெளதி சென்னம்மா ராணி. ராஜாராமுக்கு இடம் கொடுத்தால் ஔரங்கசீபின் கோபம் தன் தலையில் விடியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே அடைக்கலம் கொடுத்து, வழி காட்டி அனுப்பினாள். பின்னால் மொகலாயப் படை அவள்மேல் வந்தது. அவள் அதையும் எதிர்கொண்டாள்.

பெங்களூரில் பெரிய ஆபத்து நேர்ந்தது. சத்திரத்தில் தங்கியபோது, வேலைக்காரன் ஒருவன் தன் எஜமானனுடைய காலை மரியாதையுடன் கழுவிவிட்டதைப் பார்த்து, 'இவர் சாதாரண யாத்திரிகர் அல்ல' என்று பக்கத்தில் இருந்தவர்கள் சந்தேகித்தார்கள் என்று மராட்டிய வரலாறுகள் கூறுகின்றன. கண்டோ பல்லாளர் முதலியோர் தாங்கள் பின்தங்கிக்கொண்டு ராஜாராமை முன்னால் அனுப்பிவிட்டனர். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தும் அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான பிரயாணத்துக்குப் பின், அக்டோபர் கடைசியில் ராஜாராம் வேலூரை அடைந்து, நவம்பர் தொடக்கத்தில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தான். அடுத்த எட்டு வருஷம் மராட்டிய ராஜ்யத்துக்குத் தலைநகரம் நம் தென்னாற்காட்டுச் செஞ்சிதான்! ஜுல்பிகர் கானின் முற்றுகை 1690-ல் தொடங்கி 1698-ல் முடிந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதில் இல்லை. மறுபடியும் தப்பி வடக்கே போய்விட்டான்.

அன்று ஒரு மாதத்துக்கு மேல் பிடித்த வழியை இன்று மோட்டார் சைக்கிளில் மூன்று நாளில் கடக்கலாம். தூரம் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். பிரயாணியைத் தேடும் சைனியமும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் மாறவில்லை. தனியாகப் புறப்படுகிறவன் தனியாகப் போய்ச் சேர்வதில்லை. வழியிலே முன்பின் அறியாத யாரோ ஒருவர் கதவைத் திறக்கிறார். யாரோ ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர்களால்தான் பிரயாணம் முடிகிறது.

இரும்புக் குதிரை

மோட்டார் பொருத்திய சைக்கிளில் ஒரு கண்டத்தையே முதலில் கடந்தவர் ஜார்ஜ் வைமன் என்ற அமெரிக்கர். 1903-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி, ஜூலை 6-ந் தேதி நியூயார்க்கை அடைந்தார். அவருடைய எஞ்சினின் சக்தி ஒன்றேகால் குதிரைதான். சாலை இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள்மேல் தடதடவென்று ஓட்டினார். கடைசி 150 மைலில் எஞ்சின் கை விரித்துவிடவே, பெடலை மிதித்தே ஊர் போய்ச் சேர்ந்தார். மோட்டார் கார் ஒன்று அதே தேசத்தைக் கடந்து முடித்தது அவருக்கு இருபது நாள் கழித்துத்தான்.

எழுபது வருஷம் கழித்து, 1973 அக்டோபரில், டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 500 சி.சி. டிரையம்ப் வண்டியில் லண்டனிலிருந்து கிளம்பி, நான்கு வருஷம் உலகைச் சுற்றினார். நம் தேசத்தின் சாலைகளையும் அவர் அளந்தார். 2014-ல் ரோஷ்ணி சர்மா என்ற யுவதி கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரத்துக்குத் தனியே ஓட்டிச் சென்று, அவ்வாறு சென்ற முதல் இந்தியப் பெண் என்று பெயர் பெற்றார்.

இவ்வகைப் பிரயாணிகளில் பலர் விரும்பும் 'புல்லட்' வண்டி தமிழ்நாட்டுச் சரக்கு என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். இங்கிலாந்தில் 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ராயல் என்பீல்டு கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. எல்லைப்புறச் சேனைக்கு வண்டி வேண்டுமென்று நம் சர்க்கார் கேட்டதே இதற்குத் தூண்டுகோல். பின்னர் இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977-ல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி ஆயிற்று! கற்றுக்கொடுத்தவர்களுக்கே கற்றதை விற்ற இந்தக் கதை நம் தொழிலாளர்களுக்குப் பெருமை தருவதாகும்.

தாயாரின் கேள்விக்குப் பதில்

இவ்வளவும் சொன்ன பிறகு, அபாயத்தை மறைப்பது தருமமாகாது. 2022-ம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டவர்கள் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். முற்றுகையிட்ட படை இத்தனை பேரை ஒரு வருஷத்தில் கொன்றிருந்தால் அதைச் சரித்திரத்தில் யுத்தம் என்று எழுதியிருப்பார்கள். ஆகையால் தாயாரின் பயத்தைப் பழைய காலத்துப் பயம் என்று பரிகசிப்பவன் பிரயாணத்துக்குத் தகுதியில்லாதவன்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பதல்ல. சில நிபந்தனைகளை விதித்து அனுப்புவதே மருந்து. பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டலாகாது. நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. களைப்பு, குடியைப் போலவே கண்ணை மறைக்கும். தலைக்கவசத்தைக் கழுத்தின் கீழ்ப் பட்டையிட்டு மாட்டவேண்டும். பெட்ரோல் டாங்கியின் மேல் வைப்பதற்கு அது பூக்கூடை அன்று. கிளச்சுக் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி, ஸ்பார்க் பிளக், பஞ்சர் ஒட்டும் சாமான் இவற்றைக் கையோடு வைத்துக்கொண்டு, அவற்றை மாற்றவும் கற்றிருக்கவேண்டும். மலை உச்சியில் காற்று மெலிந்திருப்பதால் பழைய கார்புரேட்டர் வண்டிகள் மூச்சுத் திணறும்; மனிதனுக்கும் அப்படியே. இரண்டுக்கும் அவகாசம் கொடுத்து, மெல்ல ஏறவேண்டும். தினந்தோறும் இரவில் தங்கும் ஊரின் பெயரை வீட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். பெண் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஆண் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று இதில் வேற்றுமை வேண்டியதில்லை. பெண்ணுக்கு அதிகமாக வேண்டியது, அவளை வழியில் சந்திக்கும் ஆண்களின் யோக்கியதைதான். அது பிரயாணியின் பொறுப்பல்ல, நம் எல்லோருடைய பொறுப்பு.

இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் போய்வந்தவன் என்ன கொண்டுவருகிறான்? தகப்பனாரின் கேள்விக்கு விடை இதுதான்: பாஷை தெரியாத ஊரில் வண்டி நின்றபோது தள்ளிக் கொடுத்தவனின் முகத்தைக் கொண்டுவருகிறான். "ஒரே தேசம்" என்று மேடையில் ஆயிரம் முறை கேட்டாலும் ஏறாத பாடம், அந்த ஒரு முகத்தில் ஏறிவிடுகிறது.

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டியர் ஆண்ட பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ சங்கம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் ஒன்றாகச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் தமிழ்நாட்டில், அது செஞ்சி. ராயகடமும் பிரதாபகடமும் பன்ஹாளாவும் அந்த வரிசையில் உள்ளன. ராஜாராம் தப்பி வந்த வழியின் இரு முனைகளும் இப்படி ஒரே பட்டியலில் ஏறிவிட்டன. நடுவிலுள்ள சாலை பட்டியலில் ஏறவில்லை. அதை ஏற்றவேண்டியவர்கள் நம் இளைஞர்கள். செஞ்சிவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: புழுதி படிந்த வண்டியோடு வேற்றூர்ப் பிள்ளை ஒருவன், அல்லது பெண் ஒருத்தி, உங்கள் கடைத்தெருவில் இறங்கி வழி கேட்டால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள். சென்னம்மா ராணி செய்ததைவிட இது மிகவும் சுலபம்.