உஷார்! மலையோரம் தேனீப் பெட்டி வைப்பவர்களே, கரடி வரும்

குமாரபாளையத்தில், காவிரிக் கரைத் தென்னந்தோப்புக்குள் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் கரடிக்குப் பயப்பட வேண்டியதில்லை. அங்கே பெட்டிக்கு எதிரி எறும்பும் மெழுகுப் பூச்சியும்தான். புங்கன் பூக்கும் காலத்தில் தேன் கூடுதலாகக் கிடைக்கும் என்று பெட்டிகளை டெம்போவில் ஏற்றி அந்தியூர், சென்னம்பட்டி, கொளத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பாலம் தாண்டினால் பவானி, அதைத் தாண்டினால் அந்தியூர், அதற்கு மேலே பர்கூர் மலை. சத்தியமங்கலம் காட்டோடு ஒட்டிக் கிடக்கும் மலை அது. கரடி நடமாடும் காடு. அந்தியூர், கோபி வட்டங்களில் 80,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வனம் 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

நம் காட்டுக் கரடிக்குக் கறையானும் எறும்பும் பழமும்தான் அன்றாடச் சாப்பாடு. தேன் என்றால் உயிர். கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்கு மட்டும் அபாரம். மரமேறி மலைத்தேன் கூட்டையே பிய்த்துத் தின்கிற விலங்குக்கு, இரண்டடி உயர ஸ்டாண்டில் நிற்கும் நம் மரப்பெட்டி ஒரு பொருட்டே அல்ல. ஒரே அடியில் சாய்த்து, தேனடையோடு புழு அடையையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு ராத்திரி ருசி கண்டால் மறு ராத்திரியும் வரும்.

பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். எனக்குப் பயமெல்லாம், விடியும் முன்னே டார்ச் கூட இல்லாமல் தனியாகப் பெட்டி பார்க்கப் போகிறவரை நினைத்துத்தான். மங்கிய கண்ணும் காதும் உள்ள கரடிக்கு ஆள் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். மிரண்டால் ஓடாது, பாயும். பாய்ந்தால் முகத்தைக் குறிவைக்கும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மோட்டார் சைக்கிளில் மசாலா விற்கப் போனவர் மேல் ஒரு கரடி பாய்ந்தது. காப்பாற்ற ஓடிய இருவரையும் அது விடவில்லை. மூவருக்கும் படுகாயம். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்ட அந்தக் கரடியும் செத்துப்போனது.

ஆகவே பெட்டியை இறக்குவதற்கு முன், பகலில், இரண்டு மூன்று பேராகத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். கறையான் புற்று ஆழமாகத் தோண்டிக் கிடக்கிறதா, மரப்பட்டையில் நீளமான நகக் கீறல் இருக்கிறதா, மனிதக் காலடி போலவே பதிந்து முன்னால் நகக்குறி தள்ளி விழுந்த தடம் உண்டா, கொன்னை, நாவல், இலந்தைக் கொட்டை கலந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். சாளையில் குடியிருப்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத கரடி இருக்காது. ஒரு தடயம் கண்டாலும் அந்த இடம் வேண்டாம். காட்டோரத்தை விட்டு, புதரும் ஓடையும் இல்லாத வெட்டவெளியில், வீட்டுக்கு அருகில் பெட்டியை வையுங்கள். தேன் கொஞ்சம் குறையும்தான். குறையட்டும்.

அடுத்ததைக் கெஞ்சியே கேட்கிறேன். மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துக் கம்பியில் நேரடியாக கரண்ட் விடாதீர்கள்! 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு அனாதையாக நின்றன. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரையும், உங்கள் வீட்டுப் பிள்ளையையும் அந்தக் கம்பி அடையாளம் பார்க்காது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடியும் அப்படித்தான். கரடி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

வேலி வேண்டும் என்றால் பேட்டரியில் ஓடும் சோலார் வேலி போடுங்கள். அது விட்டுவிட்டு நொடிநேரத் துடிப்பாகத்தான் ஷாக் கொடுக்கும், விரட்டும், கொல்லாது. காட்டோரத்தில் அதற்கும் 2023-ல் வந்த தமிழக அரசு விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். கரடிக்குச் சடை மயிர் அடர்த்தி என்பதால் உடம்பில் பட்டால் உறைக்காது. அதன் மூக்கில் படும்படி கீழேயே நெருக்கமாகக் கம்பிகள் ஓட வேண்டும். கோடையில் காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது, எர்த் கம்பி அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கம்பியில் புல் உரசினாலும் ஷாக் செத்துவிடும். அமெரிக்காவில் கருங்கரடிக்குப் பயந்து தேனீ வளர்ப்பவர்கள் நம்புவதும் இதே மாதிரி வேலியைத்தான்.

வாசனையையும் அடக்க வேண்டும். தேன் எடுத்த அன்றே பழைய அடை, மெழுகு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பூ இல்லாத பஞ்ச காலத்தில் தேனீக்களுக்கு வைக்கும் சர்க்கரைப் பாகு தரையில் சிந்தக் கூடாது. பெட்டி பார்க்கப் போவது நன்றாக விடிந்த பிறகு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, துணையோடு. கரடி கண்ணில் பட்டுவிட்டால் ஓடாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். மேலே விழுந்தால் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணோடு அழுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டி கவிழ்ந்து கிடந்தால் கிட்டே போகாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கரடி தோட்டத்திலேயே நின்றால் ஊரைக் கூட்டிக் கல்லெறிய வேண்டாம், செல்போனில் படம் பிடிக்கவும் வேண்டாம். 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் அருகே வெள்ளநாட்டில் கோழி பிடிக்க வந்த கரடி கிணற்றில் விழுந்தது. தூக்கி எடுப்பதற்காக மயக்க ஊசி போட, தண்ணீரிலேயே மூழ்கிச் செத்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கத் தோட்டங்களில் எத்தனை! துரத்துகிற கரடியும் விழலாம், துரத்தப்படுகிற ஆளும் விழலாம். மலையோரம் பெட்டி வைக்கிற தோட்டத்தில் அப்படி ஒரு கிணறு இருந்தால், முதல் பெட்டியை இறக்கும் முன்பே அதைச் சுற்றி அடைப்புக் கட்டிவிடுங்கள்.