‘சா வா?’ என்றால் பயப்படாதீங்க!

குழந்தைகளே, யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தபடி, ‘சா வா?’ என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? ஓட்டம் பிடித்துவிடாதீர்கள்! பிரெஞ்சு மொழியில் அதற்கு, ‘சௌக்கியமா?’ என்று பொருள். பதிலுக்கும், ‘சா வா’ என்றே சொல்லலாம். அப்போது, ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம்.

பிரெஞ்சு பேச்சைக் கேட்க பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. நம் தருமபுரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்குப் போனாலே போதும். அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். 1954 நவம்பர் 1ல்தான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இன்றும் அங்கே தெருப் பலகைகளில், ‘ரூ’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ‘ரூ’ என்றால் தெரு.

பணி ஓய்வு பெற்றபின் ஒருமுறை அங்கே போயிருந்தேன். புத்தகத்தில் படித்த, ‘சலூ’ என்ற வணக்கத்தைக் கடற்கரையில் ஒரு முதியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘போன்ழூர், முசியே’ என்றார். பிறகு தமிழில், “ஐயா, ‘சலூ’ சிநேகிதர்களுக்கு. முன்பின் தெரியாதவர்களுக்கு, ‘போன்ழூர்’தான் மரியாதை” என்றார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த எனக்கு வெட்கமாகிவிட்டது!

யோசித்தால், நம் தமிழிலும் அப்படித்தானே? நண்பனை, ‘நீ’ என்போம். பெரியவரை, ‘நீங்கள்’ என்போம். பிரெஞ்சில் இவை, ‘து’, ‘வூ’.

நாம், ‘தெரியவில்லை’ என்று எழுதுகிறோம். ‘தெரியல’ என்று பேசுகிறோம். அவர்களும், ‘ழ ந சே பா’ என்று எழுதிவிட்டு, ‘ஷே பா’ என்று சுருக்கிப் பேசுகிறார்கள். அதுவும் வீட்டில், விளையாட்டில்தான். பரீட்சைத் தாளில் எழுதினால் மார்க் போய்விடும்!

வேடிக்கையான வழக்குகளும் உண்டு. நமக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவர்களுக்கோ, ‘தொண்டையில் பூனை’ இருக்கும்! நமக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அவர்களுக்குக் கயிறு கயிறாகப் பெய்யும்.

ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் பாதிதான் கற்றோம். அதை யாரிடம் சொல்லலாம் என்று தெரிந்தால்தான் முழுதும் கற்றோம்.

கஷ்டமாக இருக்கிறதா? சுலபமான வேலையைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள், ‘இதென்ன, கடலையா குடிக்கச் சொன்னேன்?’ என்கிற பொருளில் ஒன்று சொல்வார்கள். மொழி கற்பதும் அப்படித்தான். முயன்று பாருங்கள் செல்லங்களே... சலூ!

என்ன முழிக்கிறீர்கள்? சிநேகிதர்கள் விடைபெறும்போதும், ‘சலூ’தான்!