பிடிப்பது எளிது, விடுவிப்பதே பாடு

சோடா பாட்டிலின் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று கிளம்புவது கரியமில வாயு. அழுத்தம் இருக்கும்வரை நீருக்குள் அடங்கியிருந்தது, அழுத்தம் போனதும் பிரிந்துவிடுகிறது. ஆலைப் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பமும் பிடித்தல், விடுவித்தல் என்ற இரண்டே வேலைகள்தான். விடுவிக்கும்போதுதான் செலவு எகிறுகிறது.

இன்றும் பரவலாகப் பயன்படுவது 1930-இல் காப்புரிமை பெற்ற அமீன் முறை. அமீன் கரைசல் புகையிலுள்ள கரியமில வாயுவோடு வேதிவினை புரிந்து அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு தனியே வரும். ஆனால் கரைசலில் பெரும்பங்கு தண்ணீர். அதையும் சேர்த்தே காய்ச்ச வேண்டியிருப்பதால், 1 டன் வாயுவை விடுவிக்க 3 முதல் 4 கிகாஜூல் வெப்பம் செலவாகிறது. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை, மேம்படுத்திய கரைப்பானைக் கொண்டு, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து மூலப்பொருளாக்கும் திட்டத்தை 2016-இல் தொடங்கியது. அந்த ஆலைக்கு வாயுவே சரக்கு என்பதால் கணக்கு கட்டுப்படியானது. எல்லா ஆலைக்கும் அப்படி அமையாது.

இங்குதான் அயனித் திரவங்கள் வருகின்றன. இவையும் உப்புகளே. சமையல் உப்பு உருக 801 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் உப்பின் அயனிகள் பருத்தும் கோணலாகவும் இருந்தால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. அதனால் உப்பு 100 டிகிரிக்குக் கீழேயே திரவமாகிவிடும். இவை ஏறக்குறைய ஆவியாவதே இல்லை, காய்ச்ச வேண்டிய தண்ணீரும் இவற்றில் தேவையில்லை. இத்தகைய திரவத்தில் கரியமில வாயு நன்றாகக் கரைவதை 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். குறை என்னவென்றால் விலை அதிகம், பாகுபோல் கெட்டியாக இருக்கும். கெட்டித் திரவத்துக்குள் வாயு மெதுவாகத்தான் நுழையும்.

நுண்துளைப் பொருள்களின் வழி வேறு. இவ்வகையைச் சேர்ந்த உலோக-கரிமச் சட்டகங்களில் சிலவற்றில் சில கிராம் தூளின் உட்பரப்பே ஒரு கால்பந்துத் திடலுக்கு ஈடாகும். இவற்றை உருவாக்கிய மூவருக்கு 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வாயு துளைச் சுவர்களில் லேசாக ஒட்டுவதால் விடுவிக்க அதிக வெப்பம் வேண்டாம். ஆனால் புகையில் ஈரம் இருந்தால், பல சட்டகங்களில் நீராவி முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடும்.

இரண்டையும் இணைத்தால்? கெட்டித் திரவத்தை நுண்துளைகளுக்குள் மெல்லிய படலமாகப் பூசிவிட்டால் வாயு விரைந்து நுழையும், திரவமும் கொஞ்சம் போதும். இதற்கு மலேசியாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. பெட்ரோனாஸும் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அயனித் திரவம் ஏற்றிய நுண்துளைத் திண்மத்தால் இயற்கை எரிவாயுவிலிருந்து பாதரசத்தை நீக்கும் முறையை உருவாக்கின. 2011 முதல் அது எரிவாயு ஆலையில் இயங்கியது. பாதரசம் வேறு, கரியமில வாயு வேறு. ஆனாலும் இந்தக் கூட்டணி ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலையில் நிலைக்கும் என்பதற்கு அது சாட்சி.

பினாங்கின் கெலுகோர்வாசிகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. எரிவாயு மின்நிலையம் கண்ட ஊர் இது. இங்குள்ள மிண்டன் வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து கிளர்வூட்டிய கரி செய்யும் ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. அந்தக் கரியும் நுண்துளைப் பொருள்தான். நம் தாத்தா பாட்டி உழைத்த தோட்டங்களின் கழிவே புகையை வடிகட்டும் பொருளாகலாம்.

பிடித்த வாயுவைப் புதைக்கவும் நாடு தயாராகிறது. சரவாக் கடலில் பெட்ரோனாஸின் கசாவாரி திட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வாயுவைக் கடலடியில் சேமிக்கும் இலக்கு கொண்டது. 2025-இல் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் பிடித்ததை விடுவிக்க எரிபொருளை மேலும் எரித்தால், ஒரு கையால் அள்ளியதை மறு கையால் கொட்டுவதாகவே முடியும். எனவே புதிய பொருள் எதுவானாலும், எவ்வளவு வாயுவைப் பிடிக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. எவ்வளவு வெப்பத்தில் விடும் என்றும் கேட்க வேண்டும்.