புயலுக்கு முன்னே இல்லம் காப்போம்

ஐப்பசி பிறந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் குடும்பங்களின் கண்கள் கிழக்கு வானத்தை நோக்கத் தொடங்கிவிடுகின்றன. செபமாலை மாதமாகிய அக்டோபரும், மரித்தோருக்காக மன்றாடும் நவம்பரும், பாலன் பிறப்பை எதிர்நோக்கும் டிசம்பரும் நமக்குப் பக்திக்குரிய மாதங்கள். வடகிழக்குப் பருவமழைக்குரிய மாதங்களும் அவையே. பாகூர் ஏரியை நிரப்பி வயலுக்கு உயிரூட்டும் மழை இப்பருவத்தில்தான் வருகிறது. கூரையைப் பறித்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் புயலும் இப்பருவத்தில்தான் வருகிறது. மழையை வேண்டிச் செபிக்கும் நாம், புயலுக்கு எதிராக இல்லத்தை ஆயத்தம் செய்கிறோமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நாம் கண்ட புயல்கள்

2011ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தமையால், திருக்குடும்பத் திருவிழா டிசம்பர் 30, வெள்ளிக்கிழமைக்கு உரியதாயிற்று. நாசரேத்தூர் இல்லத்தை நாம் நினைவுகூரவேண்டிய அந்நாளின் காலையில்தான் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று ஓடுகளையும் கீற்றுகளையும் தகரங்களையும் வாரி இறைத்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. பல ஊர்களில் விளக்கு எரியப் பல நாள்கள் ஆயின.

2020 நவம்பர் 25ஆம் நாள் இரவில் ‘நிவர்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு விடிவதற்கு முன்னே, ‘பெஞ்சல்’ வந்தது. அதன் காற்று ‘தானே’யின் காற்றுக்கு ஈடானதன்று. ஆயினும் கரையேறிய பின்னும் அது பல மணி நேரம் நகராமல் புதுச்சேரிக்கருகே நின்று பொழிந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை சுமார் 48 செ.மீ. ஓராண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானது அந்த ஒரே நாளில் கொட்டியது. வில்லியனூரை ஒட்டிப் பாயும் சங்கராபரணி கரைபுரண்டது. அத்துடன் துன்பம் முடியவில்லை. மேற்கே பெய்த பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளம் பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. புயல் போயிற்று என்று நிம்மதி அடைந்த பின்னரும் வெள்ளம் வரக்கூடும் என்பதை அன்று நாம் அறிந்தோம்.

ஆக, காற்றினின்றும் காக்கவேண்டும், நீரினின்றும் காக்கவேண்டும். இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது நலம்.

காற்று வீட்டினுள் புகும் வழி

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்கும் வலிமை நான்கு மடங்காகிறது. கூரையின்மீது விரைந்து செல்லும் காற்று அதனை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதே மிகுதி. அவ்வேளையில் காற்றடிக்கும் பக்கத்துச் சன்னலோ கதவோ திறந்துகொண்டால், உட்புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. வெளியே இழுப்பும் உள்ளே தள்ளுதலும் ஒன்றுசேர, கூரை பெயர்ந்து போகிறது. கூரை போனபின் தாங்குவாரின்றி நிற்கும் சுவரும் சாய்கிறது. ஒரு சன்னலின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தமையால் ஒரு வீடே அழிவது இவ்வாறுதான். சன்னலைத் திறந்து வைத்தால் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் போய்விடும் என்று சிலர் சொல்வதுண்டு, அதனை நம்பவேண்டாம்.

மற்றொன்றும் அறியத்தக்கது. வங்கக் கடலில் எழும் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் நடுப்பகுதி நம்மைக் கடக்குமானால், முதலில் காற்று வடதிசையிலிருந்து வீசும். பின்னர்த் திடீரென அமைதி உண்டாகும். அது புயலின் கண். அந்த அமைதியை நம்பி வெளியே வந்தோர் பலர் உயிரிழந்துள்ளனர். சற்று நேரத்தில் தென்திசையிலிருந்து காற்று முன்போலவே சீறிவரும். ஆதலால் ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பது போதாது. நான்கு பக்கங்களையும் காக்கவேண்டும்.

சன்னலுக்குக் காப்பு

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த பழைய பிரெஞ்சுத் தெருக்களில் நடப்போர், உயர்ந்த சன்னல்களில் மரப்பட்டைகளைச் சரிவாக அடுக்கிச் செய்த கதவுகளைக் கண்டிருப்பர். வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதற்காக அமைந்த அக்கதவுகள், மூடித் தாழிட்டால் பறந்துவரும் பொருள்களுக்கும் ஓரளவு தடையாகின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1992ஆம் ஆண்டின் ‘ஆண்ட்ரூ’ புயலுக்குப் பின்னர் வீடு கட்டும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. சன்னல்களுக்குப் புயற்காப்புக் கதவோ உடையாத வகைக் கண்ணாடியோ அமைப்பது அதன் தென்பகுதியில் கட்டாயமாயிற்று.

நம் கிராமத்துப் பழைய வீடுகளின் மரச் சன்னல்களும் நல்ல காவலே. அவற்றின் கீல்களையும் தாழ்ப்பாள்களையும் புரட்டாசியிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். துருப்பிடித்த திருகாணியை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வாசற்கதவுக்கு உட்புறமாகக் குறுக்குக்கட்டை ஒன்று போட வசதி செய்துகொள்வது நன்று. இக்காலத்தில் கட்டப்படும் வீடுகளிலோ நகர்த்தும் கண்ணாடிச் சன்னல்கள் பெருகிவிட்டன. கண்ணாடிமீது ஒட்டுநாடா ஒட்டினால் அது உடையாது என்று எண்ணுவது தவறு. அத்தகைய சன்னல்களுக்கு 12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகையை, நாற்புறமும் நான்கு விரற்கடை கூடுதலாக இருக்கும்படி அறுத்து வைக்கலாம். அதனை முடுக்குவதற்குரிய துளைகளைச் சுவரில் முன்கூட்டியே இடச்செய்து, எந்தப் பலகை எந்தச் சன்னலுக்கு உரியது என்று எழுதி, உலர்ந்த இடத்தில் அடுக்கி வைத்தால், எச்சரிக்கை வந்தவுடன் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். புயல் அறிவித்த பின்னர்த் தச்சரைத் தேடுவோர்க்கு அவர் கிடைப்பதில்லை.

கூரையும் மரங்களும்

கீற்றுக் கூரை வேய்ந்த வீட்டார், கயிற்றினாலோ பழைய மீன்வலையினாலோ கூரையின் குறுக்கும் நெடுக்குமாக வலைபோலக் கட்டி, அதன் முனைகளை ஆழ அடித்த முளைகளில் பிணைக்கவேண்டும். தகரமோ கல்நார்த் தகடோ வேய்ந்திருந்தால், வெறும் ஆணி போதாது. சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி போல்ட்டுகள் வேண்டும். காற்று முதலில் பிடித்துத் தூக்குவது இறவாரத்தையும் முகட்டையும் ஆதலால், அவ்விடங்களில் போல்ட்டுகள் நெருக்கமாக இருத்தல் அவசியம். தகட்டின்மேல் கல்லும் செங்கல்லும் ஏற்றி வைப்பது நம்மிடையே பரவலான வழக்கம். பெருங்காற்றில் அக்கற்களே உருண்டு ஆள்மீது விழும். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு இணைக்காமல் தனியே அமைத்தால், தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும்.

வீட்டின்மேல் கவிந்த முருங்கை, வேம்பு முதலியவற்றின் கிளைகளை மழைக்கு முன்னரே கழித்துவிடவேண்டும். தென்னையின் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கவேண்டும். முற்றத்தில் கிடக்கும் தகரம், பலகை, குடம் யாவும் புயலில் எறிபடைகளாகும் என்பதை மறவாதீர்கள்.

நீருக்கு முன்னே

அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மருந்து இவற்றை உயர்ந்த பரணில் வைத்தல், மூடிய பாத்திரங்களில் குடிநீர் நிரப்புதல், கைப்பேசியில் மின்னேற்றி வைத்தல் ஆகியன அனைவரும் அறிந்தவை. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, நிலப்பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், ஞானஸ்நான, திருமணச் சான்றுகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு ஒரே பையில் வைத்தல் பலர் மறக்கும் செயல். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் உதவி பெறுவதற்கும் இத்தாள்களே முதற்கண் கேட்கப்படுகின்றன.

நீர் புகும் என்று தோன்றினால் மின் இணைப்பை முதன்மை விசையிலேயே நிறுத்திவிடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் நெருங்கலாகாது. மாடு ஆடுகளைத் தறியில் கட்டியே விட்டுவிட்டுப் போவது பாவம். அவிழ்த்து மேட்டு நிலத்துக்கு ஓட்டுங்கள். வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரில் பிளீச்சிங் தூள் இட்டும், குடிநீரைக் கொதிக்க வைத்தும் பயன்படுத்தவேண்டும். பாம்புகள் வீட்டினுள் அடைக்கலம் புகுந்திருக்கக்கூடுமாதலால், விளக்கின்றி மூலை முடுக்குகளில் கைவிடாதீர்கள். காற்றடிக்கும் இரவில் மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு உறங்குவதும் ஆபத்தே.

எச்சரிக்கையைக் கேட்பது

துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளின் பொருளைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். 1, 2 எண் கூண்டுகள் தொலைவில் உருவான புயலைக் குறிப்பன. 3, 4 எண்கள் துறைமுகத்தில் மோசமான வானிலை உண்டாகலாம் என்பன. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பேராபத்து. 11ஆம் எண், செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் காட்டுவது. கடல் தொலைவில் இருக்கிறது, வில்லியனூருக்கு என்ன வரும் என்று இருந்துவிடலாகாது. கரையேறிய புயல் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. அவசர உதவிக்கு 1077, 112 என்னும் எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வெளியேறச் சொன்னால் வெளியேறவேண்டும். ஒடிசா மாநிலத்தை 1999 அக்டோபர் 29ஆம் நாள் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதே மாநிலத்தை 2013 அக்டோபரில் ‘பைலின்’ என்னும் கடும்புயல் தாக்கியபோது, முன்னதாகவே பல இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழந்தோர் சில பத்துப் பேரே. இடைப்பட்ட ஆண்டுகளில் புயற்காப்பகங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கைகள் முன்கூட்டி வந்தன. மக்களும் சொல்வதைக் கேட்டு நடந்தனர். ‘இந்த வீட்டில்தான் பிறந்தேன், இங்கேயே இருந்துவிடுகிறேன்’ என்று அடம்பிடிக்கும் நம் தாத்தா பாட்டிமாரிடம் கோபம் கொள்ளாமல், பொறுமையாகப் பேசி, கைபிடித்து அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

அயலார் இல்லம்

நம் வீட்டுச் சன்னலை அடைத்துவிட்டோம் என்று அமைதி கொள்வது கிறிஸ்தவ வாழ்வாகாது. பலகை வாங்கவும் போல்ட்டு வாங்கவும் வழியற்றவர்கள் நம் பங்கிலேயே இருக்கின்றனர். தனித்து வாழும் கைம்பெண்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள், பேறுகாலம் நெருங்கிய தாய்மார்கள், மகன் வெளிநாட்டில் இருக்கத் தனியே காலம் தள்ளும் முதியோர் ஆகியோரின் பெயர்களை ஒவ்வோர் அன்பியமும் செப்டம்பர் மாதத்திலேயே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்கட்டும். புயல் அறிவிப்பு வந்தவுடன் அக்குடும்பத்தார் அவ்வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் கயிறும் கொக்கிகளும் வாங்கித் தர, இளைஞர்கள் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஏழைகளின் கூரைகளைக் கட்டித் தந்தால், அது அருமையான திருவருகைக் கால ஆயத்தமாகும். உதவி பெறுவோர் எச்சமயத்தவர் என்று பார்க்கவேண்டியதில்லை. காற்று அதனைப் பார்ப்பதில்லை.

குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை வாசல் நிலையில் செருகி வைப்பது நம் முன்னோர் நமக்குத் தந்த அழகிய வழக்கம். அவ்வோலை இருக்கும் நிலையிலே உறுதியான தாழ்ப்பாளும் இருக்கட்டும். நோவா மழை தொடங்கிய பின் பேழை கட்டவில்லை. வானம் தெளிந்திருந்த நாள்களிலேயே இறைவனின் சொல்லை நம்பி மரத்தை அறுத்தார். பாறைமீது வீடு கட்டிய அறிவாளியை ஆண்டவர் புகழ்ந்தது, கேட்டதைச் செயலில் காட்டியமைக்காகவே. வருகின்ற ஞாயிறன்று செபமாலை முடிந்ததும், குடும்பமாக எழுந்து, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, ஒவ்வொரு சன்னலையும் மூடித் திறந்து பாருங்கள். எது ஆடுகிறதோ அதனை அந்த வாரமே செப்பனிடுங்கள். பின்னர் அடுத்த வீட்டுக்குச் சென்று, அங்கே தனியே இருப்பவரின் சன்னலையும் பாருங்கள். கடலையும் காற்றையும் அடக்கிய ஆண்டவர் இவ்வாண்டும் நம் குடும்பங்களைக் காப்பாராக.