சர்வரின் இரண்டாவது கேபிள்

வங்கியின் கணக்கேட்டையும் ரயில் முன்பதிவுப் பட்டியலையும் மருத்துவமனையின் நோயாளர் பதிவேட்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிகளுக்கெல்லாம் இரவு பகலாக விடையளித்துக்கொண்டிருக்கும் கணினியே சர்வர் எனப்படுகிறது. அது நின்றால் பல்லாயிரம் பேரின் வேலை நின்றுவிடும் என்பதால், அதன் உறுப்புகளில் எவை பழுதாகக்கூடுமோ அவற்றுக்கெல்லாம் இணை ஒன்று வைப்பது நெடுநாள் வழக்கம்: மின்சாரம் தரும் பெட்டிகள் இரண்டு இருக்கும், ஒரே தரவு இரண்டு வட்டுகளில் எழுதப்படும், நினைவகம்கூடத் தன் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். இத்தனையும் செய்யப்பட்ட சர்வர், வெளியுலகோடு பேசுவதற்கு ஒரே ஒரு கேபிளை நம்பியிருக்குமானால், அந்தக் கேபிள் முனையின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து முனை சற்றே நழுவியதும் உள்ளிருக்கும் ஏற்பாடுகள் அனைத்தும் பயனற்றுப் போகின்றன. சர்வர் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் அதை எவராலும் எட்ட இயலாது.

இரண்டாவது பிணைய அட்டை ஒன்றைப் பொருத்தி, அதற்கும் ஒரு முகவரி கொடுத்துவிட்டால் குறை தீர்ந்தது என்று முதலில் தோன்றும். தீர்வதில்லை. பிணையம் எனப்படும் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி உண்டு; அதற்கு அடியில், ஒவ்வொரு அட்டைக்கும் தயாரிப்பாளர் பதித்த மேக் முகவரி என்னும் 48 பிட் எண் உண்டு; குறிப்பிட்ட ஐ.பி. முகவரிக்குரிய மேக் முகவரி எது என்று பிணையம் முழுவதற்கும் கேள்வி அனுப்பி விடை பெறும் முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். ஒரே பிணையத்தில் இரு அட்டைகளுக்கு இரு முகவரிகள் கொடுக்கப்படும்போது, முதல் அட்டையின் கேபிள் கழன்ற பின்னும் விடைகளை அந்த அட்டை வழியாகவே அனுப்பச் சொல்லும் பாதை அட்டவணை மாறாமல் இருந்துவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளமோ, தன்னிடமுள்ள எந்த முகவரியைப் பற்றிய கேள்வியானாலும் அது வந்து சேர்ந்த அட்டையின் மேக் எண்ணையே விடையாகத் தரும் இயல்புடையதாகையால், எந்த முகவரி எந்த அட்டைக்கு உரியது என்ற கணக்கே குழம்பிவிடுகிறது. ஏ.ஆர்.பி. ஃப்ளக்ஸ் எனப்படும் இக்குழப்பம், பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட அட்டையே பழுதுக்குக் காரணமாகும் நிலையைத் தோற்றுவிக்கிறது.

ஆகவே இரண்டு அட்டைகளையும் அவற்றின் போக்கில் விடாமல், அவற்றுக்கு மேல் கற்பனையான இடைமுகம் ஒன்றை இயங்குதளத்துக்குள் உருவாக்கி, ஐ.பி. முகவரியை அதற்கு மட்டும் கொடுத்து, உண்மையான அட்டைகளை அதன் உறுப்புகளாக்குவதே முறையான வழி. லினக்ஸில் இது பாண்டிங் என்றும், விண்டோஸில் டீமிங் என்றும், ஃப்ரீ பி.எஸ்.டி.யில் லாக் என்றும் வழங்குகிறது. இதன் பிறப்பு, நம்பகத்தைத் தேடிய முயற்சியில் நிகழவில்லை. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் சாதாரணக் கணினிகள் பதினாறை இணைத்து, பியோவுல்ஃப் என்ற பெயரில் மலிவான மீக்கணினி ஒன்றைக் கட்டியபோது, விநாடிக்கு 10 மெகாபிட் கொண்டுசெல்லும் அக்கால ஈதர்நெட் கேபிள் ஒன்று போதாமையால் இரண்டை இணையாக ஓட்டி வேகத்தைக் கூட்டினார்கள். பெக்கர் லினக்ஸுக்கு எழுதிய அந்த நிரலிலிருந்து வளர்ந்ததே இன்றைய பாண்டிங். வேகத்துக்காகச் செய்யப்பட்ட சிக்கன ஏற்பாடு, பின்னர் பழுது தாங்கும் ஏற்பாடாக அதிகப் புகழ் பெற்றது.

லினக்ஸ் பாண்டிங்கில் சுழியம் முதல் ஆறு வரை எண்ணிடப்பட்ட ஏழு முறைகள் உள்ளன. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான சர்வர்களுக்கு இரண்டு முறைகளைப் பற்றிய தெளிவே போதுமானது. முதலாவது, ஆக்டிவ்-பேக்கப் எனப்படும் ஒன்றாம் எண் முறை. இதில் ஓர் அட்டை மட்டும் வேலை செய்ய, மற்றது காத்திருக்கிறது. இரண்டும் ஒரே மேக் முகவரியை ஏற்றிருப்பினும் எந்த நேரத்திலும் ஒன்றின் வழியாகவே தரவு செல்வதால், கேபிள்கள் சென்று சேரும் ஸ்விட்ச் என்னும் இணைப்புப் பெட்டிக்கு ஒரு கணினிதான் தெரிகிறது. வேலை செய்யும் அட்டை பழுதானால் காத்திருந்தது பொறுப்பேற்று, கேட்கப்படாமலே ஏ.ஆர்.பி. அறிவிப்பு ஒன்றைப் பரப்புகிறது. அதைக் கண்ட ஸ்விட்ச், இந்த மேக் முகவரி இனி இந்தப் போர்ட்டில், அதாவது இந்தச் செருகுவாயில், இருக்கிறது என்று தன் அட்டவணையைத் திருத்திக்கொள்கிறது. ஐ.பி. முகவரியும் மேக் முகவரியும் மாறாததால், அப்போது நடந்துகொண்டிருந்த பணப் பரிமாற்றமோ கோப்புப் பதிவிறக்கமோ அறுந்துபோவதில்லை; இடையில் தொலைந்த சில தரவுப் பொட்டலங்கள் மறுபடி அனுப்பப்பட்டு வேலை தொடர்கிறது. ஸ்விட்ச்சில் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதும், இரண்டு கேபிள்களையும் வெவ்வேறு ஸ்விட்ச்சுகளில் செருகலாம் என்பதும் இம்முறையின் பெரும் வசதிகள்.

ஆனால் பழுதை அறிவது எப்படி என்பதிலேயே இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. அட்டையும் அதன் எதிர்முனையும் மின் சமிக்ஞை அளவில் தொடர்பில் உள்ளனவா என்று குறித்த இடைவெளியில் பார்ப்பது எளிய வழி. எம்.ஐ.ஐ. கண்காணிப்பு எனப்படும் இதற்கு 100 மில்லி விநாடி, அதாவது விநாடிக்குப் பத்து முறை, என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. லினக்ஸ் நிரலில் இந்த இடைவெளியின் இயல்பு மதிப்பு நீண்ட காலம் சுழியமாகவே இருந்தது; சுழியம் என்றால் கண்காணிப்பே இல்லை என்று பொருள். அத்தகைய நிரலில், இரண்டு அட்டைகளையும் ஒழுங்காகச் சேர்த்துவிட்டு இந்த இடைவெளியைக் குறிக்கும் ஒரு வரியை எழுத மறந்த நிர்வாகியின் சர்வர், கேபிள் கழன்ற பின்னும் கழன்ற கேபிளிலேயே பேசிக்கொண்டிருக்கும். எந்தக் கருவியைக் கொண்டு அமைத்தாலும் இந்த மதிப்பை வெளிப்படையாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

எம்.ஐ.ஐ. முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது அட்டைக்கும் அடுத்துள்ள ஸ்விட்ச்சுக்கும் இடைப்பட்ட சில மீட்டர் கேபிளை மட்டுமே அறியும். ஸ்விட்ச்சின் போர்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்த ஸ்விட்ச்சிலிருந்து மேலே செல்லும் கேபிள் அறுந்திருந்தால், சர்வரின் கணக்கில் எல்லாம் நலமே. இந்நிலைக்காகவே ஏ.ஆர்.பி. கண்காணிப்பு என்ற இரண்டாவது வழி உள்ளது: பிணையத்தின் வாயில் போன்ற உண்மையான முகவரி ஒன்றுக்குச் சர்வர் அவ்வப்போது கேள்வி அனுப்பி, விடை வருகிறதா என்று பார்க்கிறது. காத்திருக்கும் அட்டை கேள்வி அனுப்புவதில்லை. வேலை செய்யும் அட்டை பரப்பிய கேள்வி பிணையத்தைச் சுற்றித் தன்னிடம் வந்து சேர்கிறதா என்பதைக் கொண்டே அதன் நலம் கணிக்கப்படுகிறது. இலக்காக ஒரே ஒரு முகவரியை எழுதுவது தவறு. அந்த இலக்குக் கருவி பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நேரத்தில், குற்றமற்ற இரண்டு அட்டைகளும் பழுதானவையாகக் கருதப்படும். பதினாறு இலக்குகள் வரை தர லினக்ஸ் இடமளிக்கிறது. இரண்டு மூன்று போதும்.

இரண்டாவது பெருமுறை, நான்காம் எண் கொண்டது. ஐ.இ.இ.இ. அமைப்பு 2000ஆம் ஆண்டில் 802.3ஏ.டி. என்ற பெயரில் வெளியிட்டு, 2008இல் 802.1ஏ.எக்ஸ். என்ற தனித் தரமாக மாற்றியமைத்த விதிகளின்படி, சர்வரும் ஸ்விட்ச்சும் எல்.ஏ.சி.பி. என்னும் நெறிமுறையின் வாயிலாகத் தமக்குள் பேசிக்கொண்டு, இரண்டு கேபிள்களையும் ஒரே தடிமனான கேபிளாகக் கருத ஒப்புக்கொள்கின்றன. இப்பேச்சுக்கான சிறு செய்திகள் மெதுவான வகையில் 30 விநாடிக்கு ஒன்றும், விரைவான வகையில் விநாடிக்கு ஒன்றுமாக அனுப்பப்படுகின்றன. தொடர்ந்து மூன்று வராவிட்டால் அந்தக் கேபிள் நீக்கப்படும். விளக்கு எரிந்தபடியே செயலற்றுப்போன இணைப்பை அறிய மெதுவான வகைக்கு 90 விநாடியும் விரைவான வகைக்கு 3 விநாடியும் ஆகும் என்பதால், இந்தத் தேர்வு அற்பமானதன்று. எதிர்முனையோடு பேசிப் பார்ப்பதால், கேபிளைத் தவறான போர்ட்டில் செருகியதையும் இம்முறை கண்டுபிடித்துவிடும்.

வேகத்தைப் பற்றி இங்கு ஒரு தவறான எதிர்பார்ப்பு வெகுவாகப் பரவியிருக்கிறது. விநாடிக்கு 10 ஜிகாபிட் கேபிள்கள் இரண்டைச் சேர்த்தால் எந்த ஒரு கோப்பும் 20 ஜிகாபிட்டில் பறக்கும் என்று நினைப்பது சரியன்று. ஓர் உரையாடலுக்குரிய பொட்டலங்கள் வரிசை குலையாமல் சென்றுசேர வேண்டும் என்பதற்காக, முகவரிகளைக் கொண்டு கணக்கிட்டு, அந்த உரையாடல் முழுவதும் ஒரே கேபிளுக்கு ஒதுக்கப்படுகிறது. பல பயனாளர்கள் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் இரண்டு கேபிள்களும் நிரம்புகின்றன. மேலும், அந்தத் தரத்தின் முதல் வடிவங்களின்படி இரண்டு கேபிள்களும் ஒரே ஸ்விட்ச்சில் முடிய வேண்டும். இரண்டு ஸ்விட்ச்சுகள் தம்மை ஒன்றெனக் காட்டிக்கொள்ளும் ஏற்பாடுகளை நிறுவனங்கள் தத்தம் வழியில் செய்துள்ளன என்றாலும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வேகம் தேவையில்லாத இடத்தில் எளிய ஆக்டிவ்-பேக்கப் முறையே மேலானது. சிக்கலைக் கூட்டி நம்பகத்தைத் தேடுவது பெரும்பாலும் எதிர்விளைவையே தருகிறது.

பழுதானது மீண்டு வரும்போதும் கவனம் வேண்டும். நின்றுபோன ஸ்விட்ச் மறுபடி இயங்கத் தொடங்கும்போது, அதன் போர்ட் விளக்கு முதலில் எரிந்துவிடும். ஆனால் பிணையத்தில் சுற்றுவழி உண்டாகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்னும் நெறிமுறையின் பழைய வடிவில், அந்தப் போர்ட் தரவைக் கடத்தத் தொடங்குமுன் 15 விநாடி கவனித்தும் 15 விநாடி கற்றும் காத்திருக்கிறது. விளக்கு எரிந்த உடனே சர்வர் அங்கே தாவினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவை அரை நிமிடம் இருண்டுபோகும். ஆகையால், மீண்ட இணைப்பை நம்புவதற்கு முன் பொறுக்க வேண்டிய நேரத்தைக் குறிக்கும் அளவுருவும், முதன்மை அட்டை மீண்டதும் அதற்குத் திரும்ப வேண்டுமா, இருக்கும் அட்டையிலேயே தொடர வேண்டுமா என்பதைச் சொல்லும் அளவுருவும் தரப்பட்டுள்ளன. திரும்பாமல் இருப்பதே பல இடங்களில் நல்லது. விட்டுவிட்டு வேலை செய்யும் கேபிளுக்கும் நல்ல கேபிளுக்கும் இடையே சர்வர் ஊசலாடுவது அதனால் தவிர்க்கப்படும்.

அமைக்கும் வேலை, கருவியைப் பொறுத்துச் சற்றே மாறும். உபுண்டுவில் நெட்பிளான் கோப்பிலும், ரெட் ஹாட் வழியினவற்றில் நெட்வொர்க் மேனேஜரிலும் பாண்டிங் இடைமுகத்துக்குப் பெயரும் முறையும் கண்காணிப்பு இடைவெளியும் எழுதப்பட்டு, உறுப்பு அட்டைகள் அதில் சேர்க்கப்படுகின்றன; அந்த அட்டைகளுக்கு முன்பு கொடுத்திருந்த ஐ.பி. முகவரிகளை நீக்கிவிட வேண்டும். தொலைவிலிருந்து செய்பவர் தாம் எந்தக் கேபிள் வழியாக உள்ளே வந்தாரோ அதையே கழற்றிப் பூட்டுகிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நெட்பிளானில், புதிய அமைப்பைச் சோதித்து, 120 விநாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளை ஒன்று உண்டு. ஆனால் பாண்டிங்கின் தனி அளவுருக்களை அவ்வாறு மீட்க இயலாது என்று அக்கட்டளையே எச்சரித்து ஒதுங்கிக்கொள்கிறது. சர்வரின் தனி மேலாண்மைப் போர்ட் வழியாகத் திரையை எட்டும் ஏற்பாடு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கலாகாது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், இரண்டு வழிகளும் உண்மையிலேயே இரண்டுதானா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் இணைப்பு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் படுத்திருக்கும். ஒன்றையொன்று சாராத அத்தகைய இரண்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் படுத்திருக்கும் கால அளவு, கணக்கின்படி ஆண்டுக்கு 32 விநாடிக்கும் குறைவு. இந்த வியத்தகு முன்னேற்றம் முழுவதும் சாராமை என்ற நிபந்தனையில் நிற்கிறது. இரண்டு போர்ட்டுகள் கொண்ட ஒரே அட்டையில் இரண்டு கேபிள்களைச் செருகினால் சில்லு ஒன்றுதான். இரண்டு அட்டைகள் ஒரே ஸ்விட்ச்சுக்குச் சென்றால் ஸ்விட்ச் ஒன்றுதான். இரண்டு ஸ்விட்ச்சுகள் ஒரே மின்பலகையில் செருகப்பட்டிருந்தால் ஃபியூஸ் ஒன்றுதான். கடலடியிலும் இதுவே நிகழ்ந்தது: 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே, சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபிளும் ஃப்ளாக் யூரோப்-ஏஷியா கேபிளும் ஒரே நாளில் அறுந்தபோது, வெவ்வேறு உரிமையாளர்களின் இரண்டு கேபிள்கள் என்று கணக்கிலிருந்தவை ஒரே குறுகிய கடல்வழியைப் பகிர்ந்துகொண்டிருந்ததன் விளைவாக இந்தியாவின் இணைய வேகம் கடுமையாகச் சரிந்தது.

இதனினும் நுட்பமான ஆபத்து, ஏற்பாடு நன்றாக வேலை செய்வதிலேயே இருக்கிறது. முதல் கேபிள் பழுதானபோது இரண்டாவது சத்தமின்றிப் பொறுப்பேற்றுவிடுவதால், பயனாளர் எவரும் முறையிடுவதில்லை. முறையீடு வராததால் நிர்வாகி பார்ப்பதில்லை. மாதங்கள் கழித்து இரண்டாவதும் போகும்போதுதான் முதலாவது முன்பே போயிருந்தது தெரியவருகிறது. காற்று இறங்கிப்போன ஸ்டெப்னி டயரோடு நெடுந்தூரம் ஓடும் வண்டியின் நிலையே அந்தச் சர்வரின் நிலையும். லினக்ஸ், ஒவ்வோர் உறுப்பு அட்டையின் தற்போதைய நிலையையும் அது எத்தனை முறை தொடர்பிழந்தது என்ற எண்ணிக்கையையும் தன் புராக் கோப்பகத்தில் எந்நேரமும் எழுதி வைத்திருக்கிறது. அந்த எண் மாறியதும் எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பு நிரல் இல்லாவிட்டால், பாண்டிங் பழுதைத் தாங்கும் ஏற்பாடாக இல்லாமல் பழுதை மறைக்கும் ஏற்பாடாகிவிடும்.

சோதனையிலும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. கட்டளை தந்து ஓர் அட்டையை நிறுத்திப் பார்ப்பது, பழுதைத் தானாக உணரும் திறனைச் சோதிப்பதாகாது. ஏனெனில் அங்கே பழுதை அறிவிப்பவர் நிர்வாகியே. கேபிளைக் கையால் உருவ வேண்டும். பின்னர் அதைச் செருகி, மற்றதை உருவ வேண்டும். அடுத்து ஒரு ஸ்விட்ச்சின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். இறுதியாக, ஒரு கேபிள் இல்லாத நிலையிலேயே சர்வரை மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றின்போதும் எச்சரிக்கைச் செய்தி வந்து சேர்ந்ததா என்பதும் குறித்துக்கொள்ளப்பட வேண்டும். இந்தச் சோதனை முடியாத சர்வரை, அதில் எத்தனை கேபிள்கள் செருகியிருந்தாலும், ஒரு கேபிள் சர்வராகவே கணக்கில் வைக்க வேண்டும்.